பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள்: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை எழுத்து சொல்லித்தரும் ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்புக்கு ‘நான் விரும்பும் தலைவர்’ என்று கட்டுரை கொடுத்துப் பாருங்கள். நாற்பது ஏட்டிலும் ஒரே கட்டுரை இருக்கும். முன்னுரையில் தலைவர் பிறந்த ஊர், பொருளுரையில் அவர் ஆற்றிய தொண்டு, முடிவுரையில் ‘நாமும் அவர் வழி நடப்போமாக’. கைடு வைத்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்து எழுதியிருக்கும். வாங்க முடியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருக்கும். நானும் பல ஆண்டுகள் அவற்றைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்று விட்ட இடத்தில் சிவப்பு மையில் வட்டம், அடியில் ‘நன்று’, பக்கத்தில் கையெழுத்து.

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், நீங்க கடைசியா எப்ப கட்டுரை எழுதுனீங்க?” தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோசித்தேன். பி.எட். தேர்வுக்குப் பிறகு நான் எழுதியவை பாடக்குறிப்பு, தற்செயல் விடுப்பு விண்ணப்பம், ஆண்டுவிழா வரவேற்புரை, இவ்வளவுதான். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அன்று தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். 11 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு எழுத்து வரவேண்டுமென்றால், அந்தப் பிள்ளையின் கண்முன் நாம் எழுத வேண்டும். தடுமாறி, அடித்து, மறுபடி எழுத வேண்டும். இப்படிச் செய்தபோது பிள்ளைகளுக்கு முன்பாக என் எழுத்துதான் முதலில் மாறியது.

முதல் படி: உங்களுக்கென்று ஒரு நோட்டு

வகுப்பில் எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று வாரம் நீங்கள் மட்டும் எழுதுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை கூடிய டைரி வேண்டாம், அதில் கிறுக்க மனசு வராது. நேரம் உங்கள் வசதி. எனக்கு ஒத்துவந்தது காலைப் பேருந்து. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டில் எழுத உட்காரலாம் என்று நினைத்த நாளெல்லாம் நோட்டைத் திறக்கவே முடிந்ததில்லை.

எதை எழுதுவது? கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையால் தொட்டது. ‘நேர்மை’, ‘காலம் பொன் போன்றது’ பக்கம் போகாதீர்கள். சத்துணவுக்கூடத்தில் முட்டை உரித்த கையின் வாசம், பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளையின் செருப்பு, உங்கள் மாமியார் போனில் பேசும் விதம், இவை போதும். முதல் வாரத்தில் நான் எழுதியதைப் படித்தபோது ஒன்று தெரிந்தது: ஒவ்வொரு பத்தியும் ஒரு அறிவுரையில்தான் முடிந்தது. மழை பெய்தது என்று தொடங்கினாலும் ‘மரம் வளர்ப்போம்’ என்று போய் நின்றது. இருபது ஆண்டு படித்த கட்டுரையும் பத்தாண்டு திருத்திய கட்டுரையும் கைக்குள் அப்படி இறங்கிவிடுகின்றன. அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் அந்த மூன்று வாரம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது புரியும்.

‘எழுத்தாளர் வேறு, நான் ஆசிரியர்’ என்று சிலர் ஒதுங்குகிறார்கள். பாரதியார் 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர். பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை புதுச்சேரிப் பகுதிப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். கவிமணியும் ஆசிரியர்தான். கரும்பலகைக்கும் கவிதைக்கும் நம் மொழியில் பழைய உறவு உண்டு. நாம் கவிஞராக வேண்டியதில்லை, எழுதுகிறவராக இருந்தால் போதும்.

இரண்டாம் படி: கரும்பலகையில் பிள்ளைகள் முன் எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டில் திருத்தி முடித்த கட்டுரையைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவதால் பயன் குறைவு. பிள்ளை அதைப் பார்த்து ‘டீச்சருக்கு வரும், எனக்கு வராது’ என்று முடிவுகட்டிவிடும். எழுத்து எப்படித் தடுமாறி உருவாகிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். தலைப்பு: ‘நான் பயந்த நாள்’. பலகையில் இப்படி எழுதினேன்:

‘சிறுவயதில் நான் ஒருநாள் மிகவும் பயந்துபோனேன். அந்த நாள் என் வாழ்வில் மறக்க முடியாத நாள்.’

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “இதைப் படிச்சா உங்களுக்கு என்ன தெரியுது?” என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து, “ஒண்ணும் தெரியல டீச்சர். எதுக்குப் பயந்தீங்க?” என்று ஒரு குரல். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

‘ஏழாம் வகுப்பு படிக்கும்போது ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டேன். அம்மா அடிப்பார் என்று பயந்தேன்.’

“எங்க டீச்சர் தொலைச்சீங்க?” “எப்படித் தெரிஞ்சுது?” “அப்ப யாரு கூட இருந்தா?” கேள்விகள் வரத் தொடங்கின. எல்லாவற்றையும் பலகையின் ஓரத்தில் எழுதினேன். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், ‘எப்படித் தெரிந்தது’ என்பதை:

‘மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். கார்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். கேனின் மூடி தட்டுப்பட்டது. சில்லறை தட்டுப்பட்டது. இன்னொரு முறை துழாவினேன். வரிசை ஓரடி நகர்ந்தது.’

அந்தக் கடைசி வரி எனக்கே புதிது. முப்பது ஆண்டுகளாக அந்தச் சம்பவத்தைச் சொல்லி வந்திருக்கிறேன், வரிசை நகர்ந்ததை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பலகை முன் நின்று, அவர்கள் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. மூன்றாவதில் ‘பயம்’ என்ற சொல்லே இல்லை என்பதைச் சொன்னவள் ஒரு மாணவி. அதை நான் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு பாடவேளை போயிருக்கும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எழுதுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தடுமாறுவதுபோல் நடிக்காதீர்கள்; இந்த வயதுப் பிள்ளைகள் நடிப்பை உடனே கண்டுபிடிப்பார்கள். எந்தச் சம்பவம் என்பதை மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள், வாக்கியங்களை அங்கே தேடுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இந்த ‘மிகவும்’ எனக்குத் தேவையா? எடுத்துப் பாக்குறேன்.” ஒரு தடவைக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், அவர்கள் கை துறுதுறுக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பொது வெளியில் சொல்லத் தயங்கும் துயரங்களைப் பலகைக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மேல் இறக்கிவைப்பது சரியில்லை.

மூன்றாம் படி: பேச்சுத் தமிழை வகுப்புக்குள் விடுவது

தமிழில் எழுதப் பழகும் பிள்ளைக்குப் பெரிய தடை இதுதான் என்பது என் கருத்து. வீட்டிலும் தெருவிலும் பேசுவது ஒரு தமிழ், ஏட்டில் எழுதச் சொல்வது இன்னொரு தமிழ். பிள்ளைக்கு நினைப்பு வருவது முதல் தமிழில். ‘எங்க தாத்தா கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்னையக் கூப்புட்டாரு’ என்று மனதில் வருகிறது. அதை எழுத்துத் தமிழாக்கும் முயற்சியிலேயே பாதிப் பிள்ளைகள் களைத்து, ‘என் தாத்தா மிகவும் நல்லவர்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டில் போய்விட்டது, கூப்பிட்ட குரலும் போய்விட்டது.

நான் கடைப்பிடிப்பது இது. முதல் வரைவு எந்தத் தமிழில் வந்தாலும் சரி. அதில் ஒரு வட்டமும் கிடையாது. இரண்டாம் வரைவில் கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறோம், பேசுகிறவர்களின் வாயிலிருந்து வருவதை அப்படியே விடுகிறோம். மேலே சொன்ன வரி இப்படி ஆகும்: ‘தாத்தா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, “ஏலே, இங்கிட்டு வாடா” என்று கூப்பிட்டார்.’ கட்டிலும் குரலும் தப்பின. தேர்வில் எழுதும்போது பேச்சு வரிகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதும் எழுத்துத் திறன்தான். வட்டாரச் சொல்லை மாற்றச் சொல்வதில்லை. ‘வெஞ்சனம்’ என்று எழுதிய பிள்ளையிடம் ‘தொட்டுக்கொள்ளும் கறி’ என்று திருத்தித் தந்தால் அவள் வீட்டுச் சமையலை அழித்த மாதிரி ஆகும்.

ஆசிரியருக்கும் இது பயிற்சி. உங்கள் வரைவை உங்கள் ஊர்த் தமிழில் எழுதி, பிறகு மாற்றிப் பாருங்கள் என்று சக ஆசிரியர்களிடம் சொல்வேன். செய்து பார்த்தவர்கள் எல்லாரும் முதல் வரைவில் உயிர் கூடுதல் என்றார்கள்.

நான்காம் படி: பாடவேளையை எப்படிப் பிரிப்பது

வாரத்தில் ஒரு பாடவேளையை எழுத்துக்கென்றே ஒதுக்குங்கள், அதைப் பாடத்தை முடிக்கும் அவசரத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், என் கணக்கு: பலகையில் நான் எழுதுவது 8 நிமிடம், எல்லாரும் எழுதுவது 17 நிமிடம், இரண்டிரண்டு பேராக ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது 8 நிமிடம், வகுப்புக்கு முன் மூன்று பேர் படிப்பது மீதி நேரம்.

அந்தப் பதினேழு நிமிடத்தில் முதல் பாதி நானும் என் நோட்டில் எழுதுகிறேன். மேசையில் இல்லை, பெஞ்சில், பிள்ளைகளுக்கு இடையில் உட்கார்ந்து. வகுப்பு அமைதியாவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து சுற்றி வருவேன். எழுத வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் “எழுது” என்று சொல்வதில்லை. பக்கத்தில் குனிந்து, “நேத்து சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எந்தப் பக்கமா போன?” என்று கேட்பேன். சொல்லத் தொடங்கும். “அதை அப்படியே எழுது” என்று நகர்ந்துவிடுவேன்.

பாடநூலோடு இது மோதுமா என்ற கவலை எனக்கும் இருந்தது. மோதாது. ஒவ்வொரு இயலின் முடிவிலும் கடிதமோ கட்டுரையோ இருக்கிறது, ‘மொழியோடு விளையாடு’ என்ற பயிற்சிப் பகுதி இருக்கிறது. அதே பயிற்சியை எடுத்துக்கொண்டு தலைப்பை மட்டும் பிள்ளையின் தெருவுக்கு இறக்குங்கள். ‘தூய்மையின் சிறப்பு’ என்றால், ‘எங்கள் தெருக் குழாயடியில் ஒரு காலை’. குறிப்புச் சட்டகம் கொடுத்துக் கட்டுரை கேட்கும் தேர்வுக்கு, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் தனியாகப் பழக்கினால் போதும். சொந்தமாக எழுதப் பழகிய கைக்குச் சட்டகம் சுமையாக இருப்பதில்லை.

ஐந்தாம் படி: திருத்துவதைக் குறைத்து, படிப்பதைக் கூட்டுவது

நாற்பது ஏடு, ஏட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம், மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல். ஒரே மாலையில் இதைச் செய்ய உட்காரும் ஆசிரியருக்குத் தன் எழுத்துக்கு நேரம் கிடைக்காது, பிள்ளையின் எழுத்தை ரசிக்கவும் முடியாது. நாளுக்கு எட்டு ஏடு என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஐந்து நாளில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு ஏட்டிலும் இரண்டு மட்டும் எழுதுங்கள். எனக்குப் பிடித்த ஒரு வரி எது, ஏன் என்பது ஒன்று. தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு கேள்வி இன்னொன்று. ‘நன்று’, ‘இன்னும் முயற்சி செய்’ இரண்டும் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. ‘ஆடு படலைத் தாண்டியதும் உன் தம்பி என்ன செய்தான்?’ என்று கேட்டால் அடுத்த வரைவில் அரைப் பக்கம் கூடும்.

பிழைகளை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். விடவில்லை. எட்டு ஏடு படிக்கும்போதே எந்தப் பிழை அதிகம் வருகிறது என்று என் நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒருவாரம் லகர ளகரம், ஒருவாரம் ஒருமை பன்மை மயக்கம், ஒருவாரம் இரண்டாம் வேற்றுமைக்குப் பின் ஒற்று மிகுவது. அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அந்த ஒன்றுக்கு. பிறகு தங்கள் ஏட்டில் அந்த ஒரு பிழையை மட்டும் அவர்களே தேடித் திருத்துவார்கள். இருபது சிவப்பு வட்டம் பார்த்த பிள்ளை அடுத்த முறை மூன்று வரி எழுதும். தவறு செய்ய இடமே கொடுக்காமல் எழுதினால் தப்பிக்கலாம் என்று அதற்குத் தெரியும்.

ஆறாம் படி: இந்த வயதின் கூச்சத்தை மதிப்பது

மூன்றாம் வகுப்புப் பிள்ளை எதை வேண்டுமானாலும் எழுந்து நின்று படிக்கும். ஏழாம் வகுப்பில் அது நின்றுபோகிறது. குரல் உடைகிறது, உடல் மாறுகிறது, பக்கத்து பெஞ்சின் சிரிப்பு ஆசிரியரின் பாராட்டைவிடப் பெரிதாகிறது. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு விதி: பக்கத்தை மடித்துவைத்தால் யாரும் படிக்கக் கூடாது, நானும்தான். இன்னொன்று, சத்தமாகப் படிப்பது அவரவர் விருப்பம். படிக்கும்போது யாராவது சிரித்தால் அன்றைய வாசிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்ததாக என் வரைவை நான் படிப்பேன். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். இரண்டு மாதத்தில் அந்தச் சிரிப்பு தானாகவே அடங்கிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனம்விட்டு எழுதும் வகுப்பில் சிலநாள் உங்கள் கை நடுங்கும்படியான ஒரு பக்கம் வரும். அடி, பட்டினி, யாரோ தொட்டது. படித்துவிட்டு அழகான நடை என்று குறிப்பு எழுதி அனுப்பிவிடாதீர்கள். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரியவந்தவர் காவல் துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் அழைக்கலாம். மடித்த பக்கத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லும் அன்றே, “உங்களுக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா நான் ரகசியமா வச்சுக்க மாட்டேன், உதவி கேப்பேன்” என்பதையும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள்.

ஏழாம் படி: உங்களுக்கு வாசகர் வேண்டும்

தனியாக எழுதும் ஆசிரியர் ஒரு பருவம் தாக்குப்பிடிப்பார். அடுத்த பருவத்தில் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு ஜோடி இருப்பதுபோல நமக்கும் வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1974இல் ஜேம்ஸ் கிரே என்ற ஆசிரியர் தொடங்கிய எழுத்துத் திட்டம் இதைத்தான் மையமாக வைத்தது. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூடுவார்கள். தங்கள் வகுப்பில் பலன் தந்ததை ஒருவருக்கொருவர் செய்துகாட்டுவார்கள். அதோடு அவர்களே எழுதுவார்கள், எழுதியதைச் சிறு குழுவில் படிப்பார்கள். வெளியிலிருந்து நிபுணர் வந்து பாடம் எடுப்பதைவிட, ஆசிரியருக்கு ஆசிரியரே சிறந்த வழிகாட்டி என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அது பிறகு நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது.

நமக்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்ததும் தேநீர்க் கடையில் நான்கு பேர் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். எங்கள் குழுவில் தமிழ் ஆசிரியர் இருவர், அறிவியல் ஆசிரியர் ஒருவர், ஆங்கில ஆசிரியர் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் கொண்டுவருவோம். எழுதியவர் படிக்கும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை. படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் சொல்வது இரண்டு: எந்த இடம் மனதில் நின்றது, எந்த இடத்தில் கவனம் நழுவியது. எழுதியவர் விளக்கம் தரக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் மிகக் கடினம். நாங்கள் எல்லாரும் விளக்கியே பழகியவர்கள். அறிவியல் ஆசிரியர் ஒருமுறை என் பத்தியைக் கேட்டுவிட்டு, “நாலாவது வரியோட முடிஞ்சிருச்சே, அதுக்கப்புறம் எதுக்கு மேடம் சொல்லிக்கிட்டே போறீங்க?” என்றார். வெட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

எட்டாம் படி: எழுதியது வெளியே போகட்டும்

ஆசிரியர் ஒருவரே படிக்கும் எழுத்துக்குப் பிள்ளை ஒரு வரைவுக்கு மேல் உழைக்காது. மாதம் ஒரு கையெழுத்து இதழ் கொண்டுவாருங்கள். வெள்ளைத் தாள் பத்து, நூல், ஊசி, அட்டை போதும். தொகுக்கும் பொறுப்பு மூன்று பிள்ளைகளுக்கு, மாதாமாதம் மாறி. உங்கள் எழுத்தும் அதில் ஒன்று. அதையும் அவர்கள் தேர்ந்தெடுத்தால்தான் வரவேண்டும். இதழைத் தொகுக்கும் குழு ஒருமுறை என்னுடையதை ‘ரொம்ப நீளம்’ என்று திருப்பித் தந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர், பென்சிலால் எழுதிய குறிப்போடு. நான் சுருக்கித் தந்தபிறகு அடுத்த இதழில் போட்டார்கள்.

அதன்பின் பள்ளிக்கு வெளியே. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘தேன்சிட்டு’ நடுநிலை, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கானது, ‘கனவு ஆசிரியர்’ நமக்கானது. முதலாவதில் பிள்ளைகளும் இரண்டாவதில் ஆசிரியர்களும் எழுதுகிறார்கள். ஒரே வாரத்தில் நீங்களும் உங்கள் மாணவரும் சேர்ந்து அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும், காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது இருவருக்கும் ஒன்றாகவே தெரியும்.

ஒன்பதாம் படி: ஜூன் பக்கமும் ஏப்ரல் பக்கமும்

வளர்ச்சியை மதிப்பெண்ணில் தேடாதீர்கள். ஜூன் மாதம் எழுதிய ஒரு பக்கத்தையும் ஏப்ரலில் எழுதிய ஒரு பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிள்ளைகளையும் அப்படியே செய்யச் சொல்லி, ‘என்ன மாறியிருக்கிறது?’ என்று ஐந்து வரி எழுதவிடுங்கள். ‘முன்னாடி நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன், இப்ப கொஞ்சம் மறச்சு வைக்கிறேன்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

என் ஜூன் பக்கத்தில் ‘மிகவும்’ பதினொரு முறை வந்திருந்தது, ஏப்ரலில் இரண்டு முறை. அறிவுரை முடிவு ஒன்றுகூட இல்லை. என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறு பள்ளி. போன மாதம் பேருந்தில் பார்த்தபோது நோட்டு என் மடியில் திறந்திருந்தது. “என்ன டீச்சர் எழுதுறீங்க?” என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை முழுக்கப் படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்து, “இங்க யாரு பேசுறாங்கன்னு புரியல” என்றாள். இறங்குவதற்குள் அந்த வரியை மாற்றிவிட்டேன்.